ஊமைக் கட்டை

ஜூன் 3, செவ்வாய்

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று ஆசிரியர் அறையில் இருதயராஜ் தன் செல்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். என்னைவிட எட்டு வருடம் இளையவன். ஆங்கிலத் துறையின் தலைவர் நாற்காலியில் எனக்குப் பதிலாக உட்கார்ந்திருப்பவன். “உங்க மச்சினன் ஆல்பம் சார். பத்திரிகைல எல்லாம் போட்டுருக்கான். முழுசாக் கேட்டேன், ஒருத்தன்கூட வாயத் தொறக்கல. நம்ம டிபார்ட்மெண்ட் மீட்டிங் மாதிரி.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மச்சினன் என்பது லாம்பர்ட். என் மனைவியின் தம்பி. தூத்துக்குடியில் நான்கு பேர் சேர்ந்து ‘உப்பளம்’ என்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள். பாட்டே இல்லாத இசை. போஸ்ட் ராக் என்று ஒரு பெயர் சொல்கிறார்கள். இப்போது சென்னைக்குப் போய் சினிமா வயலின்காரர்களைக் கூட்டிவைத்து ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார்கள்: ‘கடல் உள்வாங்கிய நாள்’.

வீட்டுக்கு வந்து அவர்களுடைய இணையப் பக்கத்தைப் பார்த்தேன். ஐந்தாவது உருப்படியின் பெயர் ‘ஜெசிந்தா’. அதன் கீழே இப்படி இருக்கிறது: மெட்டு, ஜெசிந்தா. வயலின் குழுவுக்கு எழுதியவர், லாம்பர்ட்.

ஜெசிந்தா என் மனைவி. அவள் இறந்து இந்த மாதம் இருபத்தொன்றாம் தேதியோடு இரண்டு வருடம். அந்த மெட்டை எழுதியவன் நான்.

வயலின் வாசித்த ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது. ஸ்டூடியோவில் டீ வாங்கிக் கொடுத்தவன் பெயரும் இருக்கிறது.

ஜூன் 4, புதன்

மோட்டார் ஓடவில்லை. எலக்ட்ரீசியன் வருகிறேன் என்றான், வரவில்லை. வாளியில் தண்ணீர் தூக்கினேன். முழங்கால் வலி.

ஜூன் 7, சனி

இன்று கல்லூரி விடுமுறை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். கேட்காமலே திட்டுகிற ஆள் நான் இல்லை.

நேர்மையாகவே எழுதுகிறேன். முதல் இரண்டும் நீட்டி முழக்கல். ஒரு கிடார் சின்னதாக ஒன்றைச் சொல்லும். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். இன்னொரு கிடார் வந்து சேரும். வெகுநேரம் கழித்து ட்ரம்ஸ் எழும்பும். எல்லாம் சேர்ந்து உயரப்போய் இடிந்து விழும். இதுதான் இவர்களுடைய சூத்திரம். மூன்றாவதில் செல்லோக்கள் கீழ் சுருதியில் இழுக்கிற இடம் பரவாயில்லை. ஜூன் மாதக் காற்றில் உப்பளத்துப் பக்கம் தனியாக நடந்தால் காதில் ஒரு சத்தம் நிற்குமே, அதைப் பிடித்திருக்கிறான். நான்காவதில் பின்னணியில் வயலின்கள் மட்டும் ஒரே சுரத்தில் நிற்க, கிடார் ஒவ்வொன்றாக விலகிப்போகிறது. கடல் உள்வாங்கினால் சேற்றில் சாய்ந்து கிடக்கிற வள்ளம்போல அந்த ஒற்றைச் சுரம் மட்டும் மிஞ்சுகிறது. இதை அவனிடம் சொல்லமாட்டேன்.

ஐந்தாவது தொடங்கியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் மெட்டு. இருபது வருடத்துக்கு முன் நான்கு தந்திக் கருவிகளுக்காக என் கையால் நான் எழுதியது. இவன் அதை முப்பது பேருக்கு ஊதிப் பெருக்கியிருக்கிறான். மற்றபடி அதேதான்.

அதேதான் என்று சொல்ல முடியாது. இரண்டு தப்பு இருக்கிறது.

ஒன்று: நான்காவது அடியில் மெட்டு மேலே ஏறும்போது சோ, லா, டீ (நம் கணக்கில் ப, த, நி) என்று போகவேண்டும். இவர்கள் லாவை விட்டுவிட்டார்கள். ஒரு தடவை அல்ல, அந்த அடி வரும்போதெல்லாம். முப்பது வில்லும் அந்த இடத்தில் நின்று, ஒரு பள்ளத்தைத் தாண்டுவதுபோல டீக்குத் தாவுகின்றன.

இரண்டு: அந்த இடைவெளியில் மரத்தைத் தட்டினாற்போல ஒரு சத்தம். டொக். ஸ்டூடியோவில் எவனோ நாற்காலியை இடித்திருக்கிறான். அதைக்கூடத் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

மதியம் சாம்பார் அடிபிடித்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. போனால் பாடகர் குழுவைக் கேட்கவேண்டும். பதினொரு வருடம் நான் நடத்திய குழு. புதிதாக வந்த சாமியார், “இளைஞர்களுக்கு வழி விடுவோம் சார்” என்று ஒரு சால்வையைப் போட்டு அனுப்பிவைத்தார். இப்போது கீபோர்டில் தானாகத் தாளம் தட்டுகிறது.

மெட்டு எப்படி வந்தது என்பதை ஒழுங்காகக் குறித்துவைப்பது நல்லது. பின்னால் கேட்பார்கள்.

ஜெசிந்தா வேலை செய்யும்போது எதையாவது முனகிக்கொண்டிருப்பாள். பாத்திரம் கழுவும்போது, துணி பிழியும்போது. அதற்கு ஒரு தொடக்கமோ முடிவோ கிடையாது. ஒருநாள் மாலை நான் வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டே முனகியதில் ஏதோ ஒன்று காதில் தட்டியது. திரும்பச் சொல்லச் சொன்னேன். வெட்கப்பட்டாள். “சும்மா ஒண்ணு, விடுங்க” என்றாள். விடாமல் சொல்ல வைத்து ஐந்து கோட்டு இசைத்தாளில் எழுதினேன். நான்காவது அடியில் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு சுரத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். அந்த இடத்தில் என்ன வரவேண்டும் என்பது இசை படித்தவனுக்குத் தெரியும். நிரப்பினேன். கீழே வயோலாவுக்கும் செல்லோவுக்கும் எழுதினேன். ஒரு முனகலை உருப்படியாக்கியது யார்?

அந்த வருடம் பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் பீடத்துக்குப் பக்கத்தில் வாசித்தோம். அச்சடித்த தாளில் இசை என்று என் பெயர். அவள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் எப்படி இருந்தது என்று கேட்டேன். சிரித்தாள். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது என் பாட்டு மாதிரியே இல்லையே.”

அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். அவளுடையதில்லை என்று.

ஜூன் 10, செவ்வாய்

கடைவாய்ப் பல் பிடுங்கியாயிற்று. பேசக்கூடாது என்றார் டாக்டர். பேச யார் இருக்கிறார்கள்?

ஜூன் 12, வியாழன்

மகள் ஜோவிட்டா பெங்களூரிலிருந்து அழைத்தாள். ஆல்பத்தைக் கேட்டாளாம். ஆபீஸ் பஸ்ஸில் கேட்டு அழுதாளாம்.

“அது நான் எழுதினது” என்றேன்.

“அம்மா அதைப் பாடித்தான்ப்பா என்னைத் தூங்க வைப்பாங்க. நீங்க எழுதுறதுக்கு முன்னாடியே.”

“உனக்கு அப்ப என்ன வயசு? நாலு. நாலு வயசுல கேட்டது ஞாபகம் இருக்குமா?”

“அம்மா பாடினது ஞாபகம் இருக்கும்.”

ஒரு மெட்டுக்கும் இசையமைப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினேன். அவள் தாயாருக்கு ஒரு நோட்டைக்கூட வாசிக்கத் தெரியாது என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரிப்பா, அப்ப என்ன செய்யப் போறீங்க?” என்றாள்.

“உண்மையை எழுதப் போறேன். முகநூல்ல ஒரு குழு இருக்கு, இந்த மாதிரி இசை கேக்குறவங்க அத்தனை பேரும் அதுல இருக்காங்க.”

“எழுதுங்க. ஆனா உங்க பேர்ல எழுதுங்க. அம்மா பேரை எடுக்கிறது யாருன்னு எல்லாரும் பாக்கட்டும்.”

சாப்பிட்டீர்களா என்று கேட்காமலே வைத்துவிட்டாள். அப்படியே தாய்மாமன் புத்தி.

ஜூன் 13, வெள்ளி

பதிவை எழுதத் தொடங்கிவிட்டேன். நான்கு பத்தி. முதல் பத்தியில் ஆல்பத்தைப் பற்றி நடுநிலையாக. இரண்டாவதில் பெரிய வெள்ளி நிகழ்ச்சி, அச்சடித்த தாள். மூன்றாவதில், இசை எழுதப் படிக்கத் தெரியாத, உயிரோடு இல்லாத ஒரு பெண்ணின் பெயரைப் போட்டு அனுதாபம் தேடுகிற தந்திரம்.

நான்காவது பத்திதான் முக்கியம். விட்டுப்போன லா. மூலத்தாளைப் பார்த்து அரைகுறையாகக் காப்பியடித்தவனுக்கு மட்டும்தான் இப்படி ஒரு சுரம் தவறும். திருடியதைக்கூடச் சரியாகத் திருடவில்லை. இந்த ஒரு பத்தி போதும், இசை தெரிந்த எவனும் ஒப்புக்கொள்வான்.

நன்றாக வந்திருக்கிறது. நெடுநாளைக்குப் பிறகு எழுதியது எனக்கே பிடித்திருந்தது. கடைக்குப் போய் பன் வாங்கி வந்து பாலில் தோய்த்துச் சாப்பிட்டேன். பல் எடுத்த இடம் ஆறவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

லாம்பர்ட் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றான்.

“இருபத்தொண்ணாந் தேதி அக்காவுக்குப் பூசை குடுத்துருக்கோம்த்தான். சாயங்காலம் ஆறு மணி. பூசை முடிஞ்சி நம்ம வீட்டுல சாப்பாடு. நீங்க கண்டிப்பா வரணும்.”

உட்காரச் சொன்னேன். டீ போட்டேன். சர்க்கரை தீர்ந்திருந்தது; அவனும் கேட்கவில்லை. முடி நரைத்துவிட்டது அவனுக்கு. கிடார்க்காரன் விரல் நகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

“கேட்டீயளா அத்தான்?”

“கேட்டேன்.”

“எப்படி இருக்கு?”

“அஞ்சாவதுல ஒரு சுரத்தை விட்டுட்ட.”

டம்ளரைக் கீழே வைத்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் முகத்தில் வந்தது சிரிப்பா என்று தெரியவில்லை.

“லாவைத்தானே சொல்லுதீய? அது விட்டதில்லத்தான்.”

“பின்னே?”

“வீட்டுக்கு வாங்க. அக்கா பெட்டி அங்கதான் இருக்கு. காட்டுதேன்.”

பெட்டி என்றால் ஆர்மோனியம். அவர்கள் அப்பா வாங்கியது. கல்யாணத்தின்போது அவளுக்குக் கொடுத்துவிடவிருந்தார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். அதன் சுருதி என் வயலினோடு சேராது. வீடும் சின்னது.

“மெட்டுக்குக் கீழ அக்கா பேரைப் போட்டிருக்கியே” என்றேன்.

“அவ மெட்டுதானே.”

“எழுதினவன் ஒருத்தன் இருக்கான்.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அத்தான், அவ ஸ்கூல் சர்டிபிகேட்ல அப்பா பேரு இருக்கு. கல்லறைல உங்க பேரு இருக்கு, இன்னாரு மனைவின்னு. அவ செஞ்சதுன்னு ஒண்ணுல அவ பேரு ஒரு இடத்துலயாவது நிக்கட்டும். நான் உங்ககிட்ட வேற எதுவும் கேக்கல.”

எழுந்தான். வாசலில் நின்று, “அந்த நாலு கருவிக்கு நீங்க எழுதுனதுல செல்லோ போற விதம் என் மனசுல இருந்திருக்கும். அதுக்கு உங்க பேரு போடணும்னா சொல்லுங்க, நாளைக்கே போட்டுடுதேன். கேக்காம விட்டது என் தப்புதான்” என்றான்.

பிச்சை போடுகிறான். யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். யோசிக்க ஒன்றுமில்லை.

ஜூன் 18, புதன்

காற்று. ஜன்னல் கொண்டி தெறித்துவிட்டது, சணலால் கட்டிவைத்திருக்கிறேன். வாசல் முழுக்க மணல். சிலிண்டர் வந்தது.

ஜூன் 20, வெள்ளி

நாளைக்குப் போகவேண்டுமா என்று யோசனை. போகாவிட்டால் ஊர் பேசும். வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

சும்மா ஐந்தாவதை மட்டும் இன்னொரு தடவை கேட்டேன். அந்த டொக், நாற்காலிச் சத்தம் இல்லை போலிருக்கிறது. நாற்காலி என்றால் ஒரு தடவை இடிக்கும். இது அந்த அடி திரும்பும்போதெல்லாம், சரியாக அதே இடத்தில் வருகிறது. உருப்படியின் கடைசியில், எல்லாக் கருவியும் ஓய்ந்த பிறகு, கதவு திறந்து மூடுவதுபோல ஒரு காற்றுச் சத்தமும் இருக்கிறது. இப்படி ஏதாவது வேடிக்கை காட்டுவது இவர்கள் வழக்கம்.

ஜூன் 21, சனி

பூசை முடிந்தது. கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி வைத்தோம். காற்றில் ஒன்றும் நிற்கவில்லை. லாம்பர்ட் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டே நின்றான்.

பிறகு அவன் வீடு. அவன் மனைவி கரோலின், “வாங்கண்ணே, மெலிஞ்சி போயிட்டீயளே” என்றாள். பிரியாணிக்கு ஆட்கள் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அடுத்த பந்தியில் உட்காருகிறேன் என்று சொல்லி உள்ளறைக்குப் போனேன். பெட்டி மேசைமேல் இருந்தது. மேலே ஒரு வெள்ளைத் துணி.

உடல்நிலை கெட்ட பிறகு ஜெசிந்தா சனிக்கிழமைதோறும் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவாள். என்ன செய்தாள் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

துணியை எடுத்துவிட்டுத் துருத்தியை இழுத்து விட்டேன். கதவு திறந்து மூடுவதுபோலச் சத்தம் வந்தது. வலது கையால் மெட்டை வாசித்தேன். முதல் அடி, இரண்டாவது, மூன்றாவது. நான்காவதில் சோவை அழுத்தினேன், ஒலித்தது. லாவை அழுத்தினேன்.

டொக்.

காற்று போனது, சுரம் வரவில்லை. கட்டை மட்டும் பலகையில் இடித்தது. திரும்ப அழுத்தினேன். அதே சத்தம்.

லாம்பர்ட் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

“நாங்க சின்னதா இருக்கும்போதே அந்தக் கட்டை ஊமைதான் அத்தான். அப்பா ரிப்பேருக்குக் குடுக்கேன்னாரு. இவ வேண்டாம்னுட்டா. அது பேசாமலே எனக்குப் பழகிட்டுன்னா. அந்த மெட்டு அதுல கெடந்து வந்ததுதான். பெட்டி இல்லாமப் பாடினாலும் அந்த இடத்துல நிறுத்திட்டுத்தான் போவா.”

துருத்தியை மூடினேன்.

“நீங்க எழுதுன தாளை ஒருநாள் எடுத்துட்டு வந்தா. வாசிச்சுக் காட்டுலேன்னா, வாசிச்சேன். கேட்டுட்டு ஒரே சிரிப்பு. ‘உங்க அத்தான் என் ஊமையப் பேச வச்சிட்டாரு பாத்தியா’ன்னா.” அவன் செல்பேசியை எடுத்தான். “கடைசி மாசம் நான் எடுத்தது. இதை வச்சித்தான் முப்பது பேருக்கும் எழுதினேன். கேக்கீயளா?”

வேண்டாம் என்றேன். அதற்குள் தட்டிவிட்டான். துருத்திச் சத்தம், அவளுடைய மூச்சுச் சத்தம், எது எது என்று பிரிக்க முடியவில்லை. மெட்டு மெதுவாகப் போனது. நான்காவது அடியில் டொக். அவள் குரல்: “லாம்பு, போதும்ல, நிறுத்து.” பிறகு இருமல்.

வெளியே எனக்கு இலை போட்டிருந்தார்கள். பிரியாணியில் உப்பு கூடுதல். கரோலின் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். சாப்பிட்டேன்.

பழைய ஆர்மோனியங்களில் கட்டை ஊமையாவது சாதாரணம். இதனால் எதுவும் நிரூபணம் ஆகிவிடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் பதிவைத் திரும்ப வாசித்தேன். நீளமாக இருக்கிறது. இந்தக் காலத்தில் யாரும் இவ்வளவு வாசிக்கமாட்டார்கள். நான்காவது பத்தியை எடுத்துவிட்டேன். லா விட்டுப்போனது, அந்த மரச்சத்தம், இதெல்லாம் தொழில்நுட்ப விவகாரம், பொதுவாசகருக்குப் புரியாது. மற்ற மூன்று பத்தியும் அப்படியே இருக்கின்றன. இசை எழுதப் படிக்கத் தெரியாதவள் என்ற வரி இன்னும் கூர்மையாக இருக்கட்டும் என்று பத்தியின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தேன்.

பதினொரு மணிக்கு லாம்பர்ட்டிடமிருந்து செய்தி. ஐந்தாவதன் கீழே என் பெயரைச் சேர்க்கட்டுமா, எப்படி எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறான். எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாதாம். நான் பதில் அனுப்பவில்லை. என் பெயர் அவள் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில்.

ஜோவிட்டாவும் அனுப்பியிருந்தாள். ‘பூசை நல்லா நடந்துச்சாப்பா? மாமா வீட்டுக்குப் போனீங்களா? அம்மா பெட்டியைப் பாத்தீங்களா?’ பார்த்தேன் என்று மட்டும் போட்டேன். உடனே இன்னொன்று வந்தது. ‘அப்ப எழுத மாட்டீங்கதானே?’

மதியம் தயிர் சோறு. ஜன்னல் கொண்டிக்குச் சணல் தாங்கவில்லை. கம்பி போட்டு முறுக்கினேன். வயலினை எடுத்துச் சுருதி சேர்த்தேன். ஒரு வருடமாகத் தொடவில்லை. அந்த மெட்டை நான் எழுதியபடி முழுதாக வாசித்தேன். சோ, லா, டீ. லா சுத்தமாக விழுந்தது. இலக்கணப்படி பார்த்தால் அதுதான் சரி. மூன்று தடவை வாசித்தேன். மூன்று தடவையும் அந்த இடத்தில் கை நிற்கப் பார்த்தது. வயலினைத் திரும்ப உறையில் வைத்துவிட்டேன்.

அந்த முகநூல் குழுவில் பெயர் காட்டாமல் பதிவிட ஒரு வசதி இருக்கிறது. படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் வட்டம் வரும். உறுப்பினர் என்று மட்டும் போடும். என் பெயரில் போட்டால் குடும்பத் தகராறு என்பார்கள், மனைவியை இழந்தவன் புலம்புகிறான் என்பார்கள். பெயர் இல்லாவிட்டால் விஷயத்தை மட்டும் பார்ப்பார்கள். யார் எழுதினார்கள் என்பதா முக்கியம்?

கையெழுத்து இல்லாமல் போடுகிறேன்.